பாட்டுக்குப் பின்னால் பத்துப் பேர்

தேரோட்டம் நடக்கிறது. வடம் பிடிப்போர் கண்ணும் வேடிக்கை பார்ப்போர் கண்ணும் தேரின் உச்சியையே நோக்குகின்றன. மாலைகளும் தோரணங்களும் அசைந்தாடத் தேர் வீதியிலே உருண்டு வருகிறது. அந்த நேரத்தில் சக்கரத்தின் அச்சாணியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? வள்ளுவப் பெருந்தகை பார்த்தார். அத்தனை பெரிய தேரும் ஒரு சிறு அச்சாணியை நம்பியே உருள்கிறது என்பதைப் பல நூற்றாண்டுகளாக நமக்கு நினைவூட்டி வருகிறார்.

இணையத்தில் நேரலையாக ஓர் இசைக் கச்சேரியைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த அச்சாணியின் நினைவுதான் வருகிறது. எங்கோ ஒரு மேடையில் ஒருவர் பாடுகிறார். சரபங்கா நதிக்கரையில் உள்ள எங்கள் ஓமலூரில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் அதைக் கேட்கிறோம். பாட்டு முடிந்ததும் பாடியவரைப் புகழ்கிறோம். அவருடைய குரல் அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

இந்த ஆண்டு அறிவியல் பாடத்தில் ஒலியியல் படித்தோம். ஒலி பரவ ஓர் ஊடகம் வேண்டும். வெற்றிடத்தில் ஒலி பரவாது. கண்ணாடிச் சாடிக்குள் மின்மணியைத் தொங்கவிட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால் மணி அடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஓசை காதுக்கு எட்டாது. "அப்படியானால் நேரலையில் பாடகருக்கும் நமக்கும் நடுவே இருக்கும் ஊடகம் எது?" என்று ஆசிரியை கேட்டார்கள். காற்று என்றாள் ஒருத்தி. மின்காந்த அலை என்றாள் இன்னொருத்தி. கண்ணாடி இழை என்றாள் வேறொருத்தி. எங்கள் தோழி ஒருத்தி மட்டும், "எங்கப்பா மாதிரி ஆளுங்க, டீச்சர்" என்றாள். அவளுடைய அப்பா மைக் செட் வைத்திருப்பவர். வகுப்பு சிரித்தது; ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த விடை சரிதானா என்று தேடிப் பார்த்ததில் நாங்கள் அறிந்தவற்றை எழுதுகிறோம்.

ரசிகர் இல்லாத மார்கழி

நேரலைக் கச்சேரி என்பது நம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லானது கொரோனாக் காலத்தில்தான். 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அப்போது நாங்கள் சிறுமிகள். எங்களுக்குப் பள்ளிக்கூடமே கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும்தான் வந்தது. பாடம் வந்த அதே வழியில்தான் பாட்டும் வந்தது.

சென்னையில் டிசம்பர் மாதம் என்றால் இசை விழா என்று பொருள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சபாக்கள் சேர, மார்கழி முழுவதும் நகரமே பாட்டாயிற்று. அந்த விழா 2020இல் என்ன ஆயிற்று? மண்டபங்களில் வழக்கம்போல் ரசிகர்கள் கூட வழியில்லை. சபாக் கேன்டீனில் போண்டாவும் காபியும் இல்லாத மார்கழி! ஆயினும் இசை நிற்கவில்லை. மியூசிக் அகாடமி டிசம்பர் 24 முதல் 31 வரை எட்டு நாட்கள் தன் விழாவை இணையத்தில் நடத்தியது. நகரத்துச் சபாக்களின் கூட்டமைப்பு, 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற பெயரில் இணையத்திலேயே விழா எடுத்தது. பல கச்சேரிகள் ஆளில்லாத மண்டபத்தில் முன்னதாகவே பதிவு செய்யப்பட்டுக் குறித்த நேரத்தில் ஒளிபரப்பாயின. நேரலையாகவே பாடியவர்களும் உண்டு.

ஆளில்லாத மண்டபத்தில் பாடுவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முன் வரிசையில் தொடையில் தாளம் போடுபவர் இல்லை. "பலே" என்பார் இல்லை; "சபாஷ்" என்பார் இல்லை. ஒரு நல்ல சங்கதி விழுந்ததும் தலையை ஆட்டும் பாட்டியும் இல்லை. எதிரே இருப்பவை கேமராக்கள். அவற்றின் பின்னால் காதில் ஹெட்போனும் முகத்தில் கவசமுமாக நாலைந்து பேர். அங்கே பாடியவர்கள் கண்ணெதிரே கண்ட ரசிகர்கள் அவர்கள்தாம்!

எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வாசித்திருக்கலாமே, மண்டபம் எதற்கு என்று எங்களுக்கும் தோன்றியது. அதற்கும் ஒலியியலே விடை சொல்லிற்று. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. காலை வழிபாட்டில் கை தட்டிப் பாடும்போது, மைதானத்தின் ஒரு கோடியில் 34 மீட்டர் தள்ளி நிற்கும் வரிசையின் தட்டு முன் வரிசைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. பாட்டு இழுபடுவது அதனால்தான். மேடையில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் இரண்டு மூன்று மீட்டருக்குள் அமர்ந்திருப்பதால் தாளம் கட்டுக்குள் நிற்கிறது. இணையத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒலி போய்ச் சேர அதைவிடப் பல மடங்கு தாமதம் ஆகலாம். நொடியில் நூறில் மூன்று பங்குக்கு மேல் தாமதமானாலே சேர்ந்து வாசிப்பது கடினம். ஊரடங்கின் தொடக்கத்தில் ஆளுக்கொரு கட்டத்தில் இருந்து பாடிய காணொலிகள் பல வந்தன அல்லவா? அவற்றுள் பெரும்பாலானவை தனித்தனியே பதிவு செய்து பிறகு ஒட்டப்பட்டவை. உண்மையான கச்சேரி வேண்டுமென்றால் கலைஞர்கள் ஒரே மேடையில் கூடத்தான் வேண்டும். அவர்கள் கூடினால், அவர்களைச் சுற்றி அந்தப் பத்துப் பேரும் கூடத்தான் வேண்டும்.

பழைய வழியின் புதிய பெயர்

பாட்டைத் தொலைவுக்கு அனுப்பும் வேலை நேற்றுத் தொடங்கியதன்று. 1924இல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தோன்றியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் அதற்கு முன்னின்றார். அவர்கள் தொடங்கிய ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 40 வாட். எங்கள் வகுப்பறையின் பழைய குழல் விளக்குக்கு ஆகும் மின்சாரமே அவ்வளவு இருக்கும்! பணமின்மையால் 1927இல் அந்தக் கழகம் நின்றுபோக, அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930இல் மாநகராட்சி தானே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. சீட்டு வாங்கிச் சபாவுக்குள் போக முடியாதவர்கள் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டே திருச்சி நிலையமும் வந்தன.

தியாகராஜ சுவாமிகள் மறைந்த திதியில் திருவையாற்றில் காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதை வானொலியும் தொலைக்காட்சியும் நேரடியாக ஒலி, ஒளிபரப்பி வருகின்றன. எங்கள் பாட்டிமார் அதை 'ரிலே' என்பார்கள். நாங்கள் 'லைவ்' என்கிறோம். பெயர்தான் மாறியிருக்கிறது. மைக்கின் முன் ஒருவர், அதன் பின்னால் பலர் என்ற ஏற்பாடு மாறவில்லை.

ஒன்றைக் கவனித்தோம். கச்சேரி முடிந்ததும் அறிவிப்பாளர் பாடியவர் பெயரைச் சொல்கிறார். வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்கள் பெயரையும் சொல்கிறார். அது நல்ல வழக்கம். சினிமாவிலும் எழுத்தோட்டத்தில் ஒலிப்பதிவாளரின் பெயர் வருகிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்திலிருந்து அந்த வழக்கத்தை நம் ஊர்ப்பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள். மேடைக் கச்சேரியில் மைக் வைத்தவரின் பெயரை மட்டும் நாங்கள் கேட்டதே இல்லை.

யார் அந்தப் பத்துப் பேர்?

பத்து என்பது எங்கள் கணக்கு. பெரிய நிகழ்ச்சிக்கு இன்னும் பலர் வேண்டும்; சிறியதற்கு ஒருவரே மூன்று வேலையும் பார்ப்பார். தோழியின் அப்பா விரல் விட்டு எண்ணிச் சொன்ன வரிசையில் தருகிறோம்.

முதல் மூவர் கேமராக்காரர்கள். ஒன்று பாடகர் முகத்துக்கு. ஒன்று பக்கவாத்தியக்காரர் கைகளுக்கு. ஒன்று மேடை முழுவதற்கும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் இவர்கள் தும்மவும் கூடாது.

நான்காமவர் மூன்று படங்களையும் சிறு திரைகளில் பார்த்து, எந்தப் படம் வெளியே போகவேண்டும் என்று பொத்தானை அழுத்துபவர். இவருக்குக் கருவி தெரிந்தால் மட்டும் போதாது; கச்சேரியும் தெரியவேண்டும். பாடகர் ஆலாபனையை முடித்ததும் வயலின் தொடரும் என்றும், தனி ஆவர்த்தனம் வந்தால் மிருதங்கக்காரரின் விரல்களுக்குப் போகவேண்டும் என்றும் அறிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் வயலின் உச்சத்தில் இருக்கும்போது பாடகர் தண்ணீர் குடிப்பதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்!

ஐந்தாமவர் மேடையில் மைக் வைப்பவர். மிருதங்கத்துக்கு இரு முகம். வலந்தலையின் நாதம் வேறு, தொப்பியின் நாதம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி மைக் வைப்பதுண்டு. கடத்துக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று. ஒரு சாண் தள்ளி வைத்தால் ஒலி மெலியும். ஒரு சாண் நெருங்கினால் இரையும்.

ஆறாமவர் மிக்ஸரில் இருப்பவர். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சுவரும் கூரையும்கூட ஒலியைக் கலந்து கொடுக்கின்றன. தொலைவில் கேட்பவருக்கு மைக்கில் விழுந்தது மட்டுமே கிடைக்கும். ஆகவே அவருக்கென்று தனிக் கலவை செய்யவேண்டும். தம்புராவின் சுருதி மறையக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் கேட்கக்கூடாது. இன்னொரு நுட்பமும் உண்டு. கருவிகளுக்குள் படம் மெதுவாகவும் ஒலி விரைவாகவும் போகும். அப்படியே விட்டால் உதடு அசையுமுன் பாட்டு கேட்டுவிடும். இடிக்கு முன் மின்னலைக் கண்டே பழகிய நம் மனத்துக்கு இது உடனே உறுத்தும். ஆகவே அவர் ஒலியைச் சிறிது காக்கவைத்துப் படத்தோடு சேர்த்து அனுப்புகிறார்.

ஏழாமவர் விளக்குக்காரர். எட்டாமவர் இணையத்துக்கு அனுப்புபவர். படத்தையும் ஒலியையும் சுருக்கிச் சில நொடி நீளமுள்ள சிறு துண்டுகளாக அனுப்பும் ஏற்பாடு இவருடையது. தெளிவான படத்துக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் வீதம் இடைவிடாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கவேண்டும். ஓர் இணைப்பு அறுந்தால் இன்னொன்று ஆயத்தமாக இருக்கவேண்டும். நம் கைப்பேசியில் சில சமயம் படம் மங்கிப் பிறகு தெளிகிறதல்லவா? அலைவரிசை குறையும்போது சிறிய துண்டுகளையும் கூடும்போது பெரிய துண்டுகளையும் கைப்பேசி தானே கேட்டு வாங்கிக்கொள்வதால் அவ்வாறு ஆகிறது.

ஒன்பதாமவர் மின்சாரத்தைக் காப்பவர். ஜெனரேட்டரும் யு.பி.எஸ்.ஸும் இவர் பொறுப்பு. பத்தாமவர்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தவர். அவர் மேடைப் பக்கமே வருவதில்லை. தனி அறையில் ஒரு கைப்பேசியோடு, வெளியூர் ரசிகரைப் போலவே உட்கார்ந்து பார்க்கிறார். சுருக்கி, அனுப்பி, விரித்துக் காட்டுவதற்குள் பத்து இருபது நொடிகள் ஆகிவிடும். ஆகவே அவருக்கு மட்டும் கச்சேரி இருபது நொடி பிந்தியே நடக்கிறது. "சத்தம் வருது, படம் வருது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் மற்ற ஒன்பது பேருக்கும் மூச்சு வரும்.

மிலானில் ஓர் உயிர்ப்பு ஞாயிறு

அதே 2020இல், ஏப்ரல் 12ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா. இத்தாலியில் நோய் கடுமையாக இருந்த வேளை. மிலான் நகரின் பேராலயம் மக்களின்றிக் கிடந்தது. 1386இல் கட்டத் தொடங்கிய அந்த மாபெரும் ஆலயத்துக்குள் ஆந்திரேயா போச்செல்லி என்ற பாடகர் தனியே நின்று பாடினார். ஆர்கன் வாசிக்க எமானுவேலே வியனெல்லி என்ற ஒருவர் மட்டும் உடனிருந்தார். அங்கே மாலை ஏழு மணி. நமக்கு இரவு பத்தரை. யூடியூபில் ஒரே நேரத்தில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள்.

போச்செல்லி பன்னிரண்டு வயதில் பார்வையை முற்றிலும் இழந்தவர். கடைசிப் பாட்டுக்கு அவர் ஆலயத்தின் வாசலுக்கு வந்து, வெறிச்சோடிய சதுக்கத்தை நோக்கிப் பாடினார். அந்த வெறுமையை அவர் கண்ணால் காணவில்லை. அதன் நிசப்தத்தைக் காதால் உணர்ந்திருப்பார். இக்காட்சியின் பதிவைப் பின்னாளில் இசை வகுப்பில் கண்டபோது எங்களுள் பலர் கண் கலங்கினோம். பிறகு ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "அவர் தனியா நிக்கறார்னு நாம எப்படிப் பார்க்கறோம்? யாரோ கேமரா பிடிக்கறாங்க இல்ல?" உண்மைதான். அந்தத் தனிமையை நமக்குக் காட்டியவர்களும் அந்த மாலை தங்கள் வீட்டாரை விட்டு வந்தவர்கள்தாமே!

பரண்மேல் ஏறிய ஒலிபெருக்கிகள்

பெரிய நகரங்களில் சிலருக்கு நேரலை வேலை கொடுத்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் நடந்தது வேறு. ஓமலூர் வட்டாரத்தில் மாரியம்மன் பண்டிகை, ஆலயத் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மைக் செட் வேண்டும். 2020இல் ஊரடங்கு வந்த பின் செப்டம்பர் முதல் தேதி வரை பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறக்கப்படவில்லை. ஆடி மாதம் பேசாமல் போயிற்று. 2021 மே மாதம் மீண்டும் ஊரடங்கு வந்தது. தவில், நாதஸ்வரக் கலைஞர்கள், பந்தல்காரர், சீரியல் விளக்குக்காரர், மைக் செட்காரர் எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை நின்றது.

எங்கள் தோழியின் அப்பா இருபது ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருந்தவர். குழாய் ஸ்பீக்கர்கள் பரண்மேல் ஏறின. ஆம்ப்ளிபயரையும் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களையும் பாதி விலைக்கு விற்றார். மண்டியில் மூட்டை தூக்கப் போனார். எந்தத் திருவிழாவில் இவர் "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொன்னால்தான் ஊர் விழிக்குமோ, அந்த ஊர்க்காரர்கள் இவர் மூட்டையோடு போவதைக் கண்டும் காணாததுபோல் நின்றார்களாம். தோழி இதை எங்களிடம் சொன்னபோது அழவில்லை. "எங்கம்மா மட்டும் தினமும் பரணைப் பாத்துட்டே சமைப்பாங்க" என்றாள்.

ஒரு பழைய மைக்கையும் ஒரு ஹெட்போனையும் மட்டும் அவர் விற்கவில்லை. பாசத்தால் வைத்துக்கொண்டார் போலும் என்று நாங்கள் நெகிழ்ந்து கேட்டோம். "அதை வித்தா அம்பது ரூவாகூட வராது கண்ணு, அதான்" என்று சிரித்தார்.

திருவிழாக்கள் திரும்பின. தவணையில் ஒவ்வொன்றாக வாங்கி மறுபடியும் செட்டைச் சேர்த்தார். ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. கல்யாண வீட்டார், "லைவ் உண்டா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் பார்க்கவேண்டும். பெங்களூரில் இருக்கும் அத்தை பார்க்கவேண்டும். நாற்பத்தைந்து வயதில் அவர் தம் மகளிடம் உட்கார்ந்து கணினி கற்றுக்கொண்டார். "சத்தத்துக்கு நான் வாத்தியார், இன்டர்நெட்டுக்கு இவ வாத்தியார்" என்பார்.

எங்கள் ஆண்டு விழா

இம்முறை எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தியின் பாட்டுக் கச்சேரி அரை மணி நேரம் வைத்தார்கள். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். மகள் மேடையில் பாடி அவர் பார்த்ததே இல்லை. எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் நேரலைக்கு அனுமதி கேட்டோம். "செய்யுங்கள், ஆனால் பெற்றோர் மட்டும் பார்க்கும்படி செய்யுங்கள்" என்றார்கள்.

தோழியின் அப்பா செட்டோடு வந்தார். பத்து வேலைகளுக்கும் பத்து மாணவிகளை நிறுத்தினார். மூன்று கைப்பேசிகள் கேமராக்கள் ஆயின. வீணை கற்கும் தோழி படம் மாற்றும் பொத்தானில் அமர்ந்தாள். அப்பாவின் பக்கத்தில், மிக்ஸரில், மகள் இருந்தாள். பத்தாமவளாக ஒருத்தி ஆசிரியர் அறையில் கைப்பேசியோடு உட்கார்ந்தாள். "பாட்டு நல்லாருக்குன்னு நீங்க யாரும் ரசிக்கக் கூடாது கண்ணுங்களா. ரசிச்சீங்க, வேலை போச்சு" என்று அவர் எச்சரித்தார்.

இரண்டாம் பாட்டின் நடுவில் மின்சாரம் நின்றது. மேடை இருண்டது, மைதானத்து ஸ்பீக்கர்கள் ஊமையாயின. ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து நொடி ஆயிற்று. அந்தத் தங்கை பாடுவதை நிறுத்தவில்லை. மிக்ஸரையும் இணையப் பெட்டியையும் முன்னமே யு.பி.எஸ்.ஸில் இணைத்திருந்தார்கள். ஆகவே மைதானத்தில் பின் வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்காத அந்தப் பத்து நொடிப் பாட்டு, கடல் கடந்து குவைத்துக்குக் கேட்டது. அங்கே திரை இருண்டிருந்தது. குரல் மட்டும் அறுபடவில்லை.

பாட்டு முடிந்து இங்கே கைதட்டல் அடங்கிய பிறகுதான் அங்கே பாட்டு முடிந்தது. சிறிது நேரத்தில் ஆசிரியர் அறைக் கைப்பேசிக்கு அந்த அம்மாவின் குரல் செய்தி ஒன்று வந்தது. அழுகையில் பாதிச் சொற்கள் புரியவில்லை. "இருட்டுலயும் நீ பாடுனே சாமி, கேட்டுச்சு" என்பது மட்டும் புரிந்தது. பொத்தானையும் ஒயரையும் விட்டு அசையக்கூடாது என்று நின்ற நாங்கள் பத்துப் பேரும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விழா அழைப்பிதழில் பாடுபவர், ஆடுபவர் பெயர்களின் கீழே, 'ஒலி, ஒளி, நேரலை' என்று தலைப்பிட்டுப் பெயர்களை அச்சிடும்படி முன்னமே கேட்டிருந்தோம். அருட்சகோதரி அவர்கள் சம்மதித்ததோடு, முடிவில் ஒவ்வொரு பெயராக வாசிக்கவும் செய்தார்கள். தோழியின் அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் வரவில்லை. "ஒயரைச் சுத்தி வெச்சுட்டு வர்றேங்க சிஸ்டர், கால்ல மாட்டிக்கும்" என்று கீழிருந்தே குரல் கொடுத்தார். மைதானம் முழுவதும் சிரித்துக் கை தட்டிற்று.

மறுநாள் அவரிடம் பெயர் அச்சானதைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "பேரு போட்டா சந்தோஷம் கண்ணு. பேசின காசை அன்னிக்கே குடுத்தாங்க பாரு, அது இன்னும் சந்தோஷம். ரெண்டும் ஒண்ணா நடந்தது எனக்கு இதுதான் மொதத் தடவை" என்றார்.

அன்புச் சகோதரிகளே! பாடும் திறம் இறைவன் கொடுத்தது. அதைக் கேட்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் திறமும் அவ்வாறே. முன்னதற்கு மாலை போடுகிறோம். பின்னதற்குப் பேரம் பேசுகிறோம். ஒரு கலைஞருக்குச் சம்பளம் பேசும் வீட்டிலே மைக் செட்காரரிடம் "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்பது சரிதானா? திருவிழா நின்றால் முதலில் பட்டினி கிடப்பவர் அவர் என்பதை நாம் ஒரு முறை கண்கூடாகக் கண்டுவிட்டோம். இன்னொரு முறை காணவேண்டாம்.

பெரியதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. விழா முடிந்ததும் மைக் செட்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேசிய தொகையை அன்றைக்கே கொடுக்கும்படி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் கச்சேரி முடிந்தவுடன் சட்டென்று மூடிவிடாதீர்கள். கடைசியில் சில பெயர்கள் ஓடும். பொடி எழுத்தாகத்தான் இருக்கும்; விரைவாகத்தான் ஓடும். இருந்தாலும் படியுங்கள்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு